கொதிகலன் அறை

“அந்தக் கதவைத் திறங்க,” என்றார் சர்வதேச ஆய்வாளர் மார்கிட்.

“பழைய கொதிகலன் அறைம்மா. உள்ள ஒண்ணும் இல்ல,” என்றார் ஹாஜி மொஹ்தஷம். ஈரானின் அந்த அணு ஆலைக்கு மதப் பொறுப்பாளர் அவர். ‘நாய் அசுத்தம், ஊரை விட்டே விரட்டுங்கள்’ என்று வெள்ளிதோறும் முழங்கும் குரல் இன்று கம்மியது.

“ஒண்ணும் இல்லைன்னா பூட்டு எதுக்கு?”

ஹாஜி வாசலை மறித்து நின்றார். ஈரான் எதையோ ஒளிக்கிறது என்ற செய்தி மாலைக்குள் உலகெங்கும் பரவியது. கடலில் ஈரானை நோக்கிப் போர்க்கப்பல்கள் நகர்ந்தன. தெஹ்ரானிலிருந்து அமைச்சரே போனில் கத்தினார்.

“ஹாஜி, சத்தியமா அங்க நாம எதையும் ஒளிக்கலையே! திறந்து காட்டித் தொலைங்க. குண்டு போட்டுடப் போறாங்க!”

ஹாஜி ‘பிஸ்மில்லா’ சொல்லிப் பூட்டைத் திறந்தார்.

உள்ளே, அவருடைய பழைய அங்கியின்மேல் படுத்து, ஒரு நாய் தன் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. ஹாஜியைக் கண்டதும் வாலை ஆட்டியது.

மார்கிட் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை எடுத்தார்.

“வெளிய பனி கொட்டுதும்மா, குட்டிங்க செத்துடும்,” என்று ஹாஜி நெஞ்சில் கைவைத்துக் கெஞ்சினார். “அணுகுண்டு இருக்குன்னு வேணா எழுதிக்குங்க. இதை மட்டும் எழுதிடாதீங்க!”