மண்டியிட்ட சிப்பாய்

பொம்மை அலமாரிக்குப் பிற்பாடு வந்து சேர்ந்த கடிகாரத்துக்கு இந்தக் கதையில் பல வருடமாகச் சந்தேகம். சொன்னது ரோபோ.

ஒருநாள் அந்த வீட்டுச் சிறுமி நறுமுகை புது காமிக்ஸோடு ஓடி வந்தாளாம். "ரெண்டு பேரும் ஒரே கதையில வர்றாங்க!" என்று வீடே அதிரக் கத்தினாளாம். அட்டையில் ரோபோ மலை உயரம். சிப்பாய் அதன் உள்ளங்கையில் நின்றான். ஆனால் பொம்மைகளைச் செய்தது வெவ்வேறு கம்பெனி. அலமாரியில் ரோபோ சிப்பாயின் தோளுக்குத்தான் வந்தது.

"பக்கத்துல நிறுத்தினா அவ முகம் வாடிடுமேடா" என்று ரோபோ புலம்பியது.

"விடு மாப்ளே" என்று சிப்பாய் மண்டியிட்டான். முழங்காலில் 'டக்' என்றது. நறுமுகை இருவரையும் சேர்த்து நிறுத்திக் கைதட்டிக் குதித்தாள். சிப்பாய் அதன்பின் நிமிரவே இல்லை.

போட்டிக் கம்பெனிப் பொம்மைக்காக எவன் தன் உயரத்தைக் கொடுப்பான்? சிப்பாயின் இடத்தில் தான் இருந்திருந்தால் கொடுத்திருக்காது என்று கடிகாரத்துக்குத் தெரியும். கடைசியில் ரோபோவிடம் கேட்டேவிட்டது:

"சரிப்பா, நம்புறேன். நீ உசரமா இருந்து அவன் குட்டையா இருந்திருந்தா, நீ மண்டி போட்டிருப்பியா?"