பகு எண்ணா, பகா எண்ணா?

கணக்கு டீச்சரான தபஸ்ஸும், பெண் பார்க்க வந்த மூன்று பேரையும் ஒரே கேள்வி கேட்டு ஓட விட்டவள். நான்காவதாக வந்த முதாசிர், திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருந்தான்.

"இவரையாவது விட்டுடும்மா," என்று அத்தா மைதீன் பிச்சை கெஞ்சினார். ஆனாலும் அவள் கேட்டாள்.

"1234567 பகு எண்ணா, பகா எண்ணா?"

முதாசிர் கண்ணை மூடி யோசித்தான்.

"பகு எண்தாங்க. 127-ஆல வகுபடும். ஈவு 9721."

அத்தா தன் செல்போனில் வகுத்துப் பார்த்தார். மீதியே வரவில்லை.

"மனக்கணக்காவே போட்டுட்டீங்களே மாப்ளே. இவளுக்கேத்த ஆள் நீங்கதான்," என்று அங்கேயே சம்மதம் சொன்னார்.

இருவரும் இரண்டு வார்த்தை பேசிக்கொள்ளட்டும் என்று பெரியவர்கள் உள்ளே போனார்கள். முதாசிர் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"பேஜாராயிடுச்சு தபஸ்ஸும். எனக்குப் பன்னெண்டாம் வாய்ப்பாடே வராது. பட்டறையில வேலையை விட்டுட்டு, நீ சொல்லிக் குடுத்ததையே மனப்பாடம் பண்ணிகினு இருந்தேன். நாம லவ் பண்றோம்னு அத்தாகிட்ட நேராவே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நான் அவரைக் கெஞ்சணும். இனிமே நானே வேணாம்னாலும் அவரு உங்களை விடமாட்டாரு," என்றாள் தபஸ்ஸும்.