ஒற்றை இறக்கை

தெருக் கலைவிழாவில் எல்லாமே இலவசம். ஓசி என்பதால் வழுக்கைத் தலையர்கள்கூட முகத்தில் பூனை மீசை வரைந்துகொண்டு போனார்கள்.

மேடையில் உள்ளூர்ப் பையன்கள் கிதாரோடு மல்லுக்கட்டத் தொடங்கியபோது, வண்ணம் பூசுபவளின் எதிரே ஒரு சிறுமி வந்து உட்கார்ந்தாள். போன வருடம் பாட்டுச் சத்தம் கேட்டதும் பாதியில் எழுந்து ஓடியவள். அதே கவுன், அதே உயரம். கன்னத்தில் ஒற்றை இறக்கையோடு அதே வண்ணத்துப்பூச்சி, இன்னும் ஈரமாக.

“இன்னொரு றெக்கையும் போட்டுடவா கண்ணு?”

“வேணாம்க்கா, அழிச்சு விடுங்க. அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியல.”

முன்வரிசையில் ஒருத்தி மகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, பாட்டைக் கேட்காமல் கூட்டத்தையே துழாவிக்கொண்டிருந்தாள்.

பஞ்சில் எண்ணெய் தொட்டுத் துடைத்தாள் இவள்.

“நல்லா அழுத்துங்கக்கா.”

அழுத்தித் துடைத்தாள். இறக்கை அப்படியே இருந்தது. சுற்றியிருந்த முகம்தான் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டு வந்தது.