கடைசியாக மாற்றிய தேதி

"முதல் பல்லு ஏழாவது மாசம் முளைச்சுது. கீழ்ப்பல்லு. எழுதிக்கிட்டியாம்மா?"

சுட்டி எழுதிக்கொண்டாள்.

திங்கட்கிழமை பத்தேகால் என்றால் அந்த அம்மாவின் அழைப்புதான். அவர் வேலை பார்க்கும் தையல் தொழிற்சாலையில் அப்போது தேநீர் இடைவேளை. பின்னால் மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்குவது கேட்கும்.

காணாமல் போனவர்களைத் தேடும் இணையதளம் அது. சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறைகள், மூன்று பேர். காணாமல் போன ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் என்று நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்.

அத்தனைக்கும் தள வரைபடம், அதாவது எந்தப் பக்கம் எங்கே என்று காட்டும் பட்டியல், போடுவது இவள் வேலை. பக்கத்துக்குப் பக்கம் இணைக்கும் சுட்டிகளோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுவதால் இவளுக்கே 'சுட்டி' என்று பெயர் விழுந்துவிட்டது. மற்றபடி அந்தப் பெயருக்கும் அவள் சுபாவத்துக்கும் ஏழாம் பொருத்தம்.

வரைபடம் இரண்டு. ஒன்று மனிதர்களுக்கு. ஆண், பெண், வயது என்று பிரித்து வைத்தது. பதறிக்கொண்டு வருகிறவர் இரண்டே சொடுக்கில் தன் ஆளிடம் போய்ச் சேர வேண்டும்.

மற்றது தேடுபொறிகளுக்கு. அதில் அலங்காரம் கிடையாது. பக்கத்தின் முகவரி, எதிரே கடைசியாக மாற்றிய தேதி. அவ்வளவுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த அம்மா முதன்முதலாகக் கூப்பிட்டது ஒரு புகாரோடு. மகன் பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றுமே வரவில்லை.

பார்த்தால், பக்கம் இருந்தது. வரைபடத்தில் இல்லை. எந்த வழியாகவும் யாரும் போய்ச் சேர முடியாத இடத்தில் ஓர் இருபது வயதுப் பையன் சிரித்துக்கொண்டிருந்தான்.

சுட்டி அவனை இரண்டு வரைபடத்திலும் சேர்த்தாள். எட்டாம் நாள் தேடலில் வந்தான்.

அந்த அம்மா போனில் அழுதார். அழுது முடித்து, "இனிமே போயிடமாட்டானே?" என்று கேட்டார்.

ஆறுதலாக இருக்கட்டுமே என்று சுட்டி ஒன்று சொல்லிவைத்தாள். மாறிக்கொண்டே இருக்கிற பக்கத்தைத் தேடுபொறி அடிக்கடி வந்து எட்டிப்பார்க்கும். வருஷக்கணக்கில் அப்படியே கிடப்பதை மெல்ல மறந்துவிடும்.

அன்றிலிருந்து வாரம் ஓர் அடையாளம்.

இடது புருவத்தில் தழும்பு. நடக்கும்போது வலது தோள் கொஞ்சம் இறங்கும். ஷூ கயிற்றுக்கு இரட்டை முடிச்சு. பஸ்ஸில் போனால் கடைப் பலகைகளை வாய்க்குள் படித்துக்கொண்டே வருவான்.

ஒவ்வொன்றையும் பக்கத்தில் சேர்ப்பாள். வரைபடத்தில் தேதியை மாற்றுவாள்.

கொஞ்ச நாளாக அடையாளங்கள் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தன. லாரியை 'ராலி' என்பான். குழாய் சொட்டினால் பயந்து வந்து ஒட்டிக்கொள்வான். இன்றைக்கு முதல் பல்.

இருபத்து மூன்று வயது ஆளை இதை வைத்து யார் கண்டுபிடிப்பது? சொல்வதற்கு அந்த அம்மாவிடம் வேறு எதுவும் மிச்சமில்லை என்று சுட்டி நினைத்துக்கொண்டாள். கேட்க மனம் வரவில்லை.

"மேல்பல்லு அடுத்த வாரம் சொல்றேன்" என்றார் அம்மா.

அப்போதுதான் பக்கத்து மேஜை அண்ணன் ஒரு தாளை அவள் முன்னால் வைத்தார். அலுவலகத்துக்கு வரும் கடிதங்களைப் பார்ப்பவர் அவர். கால் முறிந்து இரண்டு மாதம் விடுப்பில் இருந்துவிட்டு இன்றுதான் வந்து, குவிந்து கிடந்த உறைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இதை ரெண்டு மேப்புலயும் எடுத்துடும்மா."

காவல் துறைக் கடிதம். பையனின் பெயர். ஆற்றிலிருந்து எடுக்கப்பட்ட உடல். அடையாளம் காட்டியவர்: தாய்.

தேதியைப் பார்த்தாள். ஏழு வாரத்துக்கு முந்தையது.

ராலியும் குழாயும் அதற்கு அப்புறம் சொன்னவை.

போன் காதிலேயே இருந்தது. அண்ணன் சொன்னது மறுமுனையிலும் கேட்டிருக்க வேண்டும்.

"லெட்டர் வந்துடுச்சாம்மா?"

"வந்துடுச்சும்மா."

"நானே சொல்லியிருக்கணும். சொல்லிட்டா அப்புறம் திங்கக்கிழமை கூப்பிட முடியாதேன்னு இருந்துட்டேன்."

பின்னால் மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கின. அந்த அம்மா போனை வைக்கவில்லை.

சுட்டி தேடுபொறிக்கான பட்டியலைத் திறந்து அவன் பக்கத்தின் முகவரியை அழித்தாள். இனி யாரும் அவனைத் தேட வேண்டியதில்லை.

மனிதர்களுக்கான வரைபடத்தில் கை நின்றுவிட்டது.

"பக்கத்தை எடுக்கலம்மா. இருக்கட்டும். ஆனா இப்ப இருக்கிற தலைப்புல வைக்க முடியாது. வேற எதுக்குக் கீழ வைக்கட்டும்?"

"என்னென்ன இருக்கு?"

அவள் மேலிருந்து வாசித்தாள். ஆண்கள். பெண்கள். குழந்தைகள். முதியவர்கள். கடைசியாக இருந்தது, உயிரோடு கிடைத்தவர்களுக்காக வைத்திருந்த தலைப்பு. அதை விட்டுவிடத்தான் நினைத்தாள். வாசித்த வேகத்தில் அதுவும் வாயில் வந்துவிட்டது.

"வீடு திரும்பியவர்கள்."

"அதுல வைம்மா" என்றார் அம்மா. "வீட்டுக்குத்தான் கொண்டாந்தோம்."

அந்தத் தலைப்பின் கீழ் ஒன்பது பேர் இருந்தார்கள். சுட்டி பத்தாவது பெயரைத் தட்டினாள்.