வலது செருப்பின் ஊக்கு

ஜெப வீட்டு வாசலில் சலோமியின் ரப்பர் செருப்பு ஜோடி கிடந்தது. இடதுக்கு வலதைக் கண்டாலே எரிச்சல். உள்ளே பாட்டு நடந்தாலும் பிரசங்கம் நடந்தாலும் வலதுக்கு ஒரே பேச்சுதான்.

"உன் வார் பிய்யுதுடி. என்னை மாதிரி ஒரு ஊக்கு மாட்டிக்கோ."

"குறை சொல்றதைத் தவிர உனக்கு வேற ஊழியமே கிடையாதா?"

அப்போது வெளியூர்ப் பிரசங்கியாரின் பளபளப்பான ஷூ பக்கத்தில் வந்து நின்றது. இடதைப் பார்த்ததும் உருகிவிட்டது.

"சகோதரி, உங்க நடையில என்ன பரிசுத்தம். வாரைப் பத்தி ஏன் கவலை? விசுவாசம் இருந்தா அறாது."

இந்த ஐக்கியத்துக்காகத்தானே ஏங்கினோம் என்று இடது நகர்ந்துபோய் ஷூவின் மேல் சாய்ந்துகொண்டது. கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னது. செருப்புக்குக் கண் ஏது என்று கேட்காதீர்கள். ஸ்தோத்திரம் சொல்லி முடிப்பதற்குள் இடதின் வார் அறுந்தது.

"பாலிஷ் போயிடும், தள்ளிப் படுங்க சகோதரி," என்றது ஷூ. கூட்டம் முடிந்ததும் இடதைச் சாக்கடையில் எத்திவிட்டு, தன் சொந்த ஜோடியோடு காரேறிப் போய்விட்டது.

சலோமி பாட்டை முணுமுணுத்தபடி வெளியே வந்தாள். மெய்மறந்து வலதை மட்டும் மாட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். வலது பதறிப்போய்த் தன் ஊக்கைத் திறந்து அவள் காலில் நறுக்கென்று குத்தியது. சலோமி குனிந்து பார்த்தாள். ஒரு கால் வெறுங்கால். திரும்பி வந்து தேடி, இடதைச் சாக்கடையிலிருந்து எடுத்தாள்.

சேறு சொட்டச் சொட்ட வந்த இடதிடம் வலது கேட்டது:

"இப்பவாவது ஊக்கு மாட்டிக்கிறியா?"

"ஆமென்," என்றது இடது.