கொழுந்துக் காட்சி

"ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட்" என்று ஓவேலித் தேயிலைத் தோட்டத்தில் நின்று கத்தினேன். லண்டனில் நாற்பது பேர் குனிந்தார்கள்.

நாற்பது பேரும் நாற்பது விதமாகக் குனிந்தார்கள்.

கைபேசியை சில்வர் ஓக் மரத்தில் கட்டியிருந்தேன். எஸ்டேட்டில் சிக்னல் முழுசாகக் கிடைப்பது இந்த மேட்டில் மட்டும்தான். அங்கே ஒத்திகைக் கூடத்தில் காலை பத்து மணி. இங்கே பகல் இரண்டரை.

விசா புதுப்பிக்க ஊருக்கு வந்தவள், மாட்டிக்கொண்டு மூன்று வாரம் ஆகிறது. தேயிலைத் தோட்டத்து மக்களைப் பற்றிய பெரிய இசை நாடகம். நான்தான் இயக்குநர். அரங்கேற்றத்துக்கு இன்னும் நாலே நாள்.

என் முகம் கூடத்தின் பெரிய திரையில் தெரியும். என் குரல் நடிகர்கள் காதில் மாட்டியிருக்கும் கருவியில் மட்டும் கேட்கும்.

தயாரிப்பாளர் முத்துவேல் முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். நேற்றே சொல்லிவிட்டார். கொழுந்து பறிக்கும் காட்சி இன்றும் சொதப்பினால், மிச்ச நாடகத்தை ஆறுக்குட்டி பார்த்துக்கொள்வான்.

ஆறுக்குட்டி என் உதவியாளன். கோயம்புத்தூரிலிருந்து நான் கூட்டிப் போனவன். தேயிலைச் செடியைப் பக்கத்தில் பார்த்ததுகூடக் கிடையாது. அவனுக்கு விசாவில் ஒரு சிக்கலும் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

போன வாரம் தயங்கித் தயங்கிக் கேட்டான், நிஜத்தில் இப்படி எண்ணிக்கைக்கா பறிப்பார்கள் என்று. தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவளுக்குப் பாடம் எடுக்காதே என்று வாயை அடைத்தேன்.

லைன் வீட்டில் பிறந்தவள்தான். ஆறு வயதில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டதை அவனிடம் சொல்லவில்லை.

நாற்பது பேரும் ஒரே நேரத்தில் கிள்ள வேண்டும். ஒரே நேரத்தில் தோளுக்கு மேலே வீச வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

மறுபடி முதலிலிருந்து என்றேன். இதுதான் கடைசி, கெஸியா என்று முத்துவேல் விரலைக் காட்டினார்.

இசை தொடங்கியது. எண்ணினேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வரிசை குலைந்தது. ஒருத்தி இரண்டு கையாலும் விறுவிறுவென்று கிள்ளிக்கொண்டே போனாள். ஒருவன் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான். இன்னொருத்தி முதுகுச் சாக்கை இழுத்து முடிச்சுப் போட்டாள். இதில் எதையும் நான் சொல்லித்தரவில்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. ஆனால் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை. நேராக என்னைப் பார்த்துக்கொண்டே என் பேச்சை மீறினார்கள்.

ஆறுக்குட்டி ஓரத்தில் பரம சாதுவாக நின்றான்.

எனக்குப் புரிந்துவிட்டது. எல்லோரையும் பேசி வைத்திருக்கிறான். பத்து வருட உழைப்பு கண்ணெதிரே கைவிட்டுப் போகிறது. ஆனாலும் எண்ணுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் நானே தோற்றதாக ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

பாட்டு முடிந்தது. முத்துவேல் எழுந்தார்.

கை தட்டினார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அம்மா கண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவராம். அவரையே பார்த்த மாதிரி இருந்தது என்றார். அரங்கேற்றம் வரை கெஸியாதான் இயக்குநர், இனி அதில் பேச்சே இல்லை என்றார்.

என்ன நடந்தது என்று தெரியாமலேயே, கொஞ்சமும் வெட்கமில்லாமல், திரையில் கைகூப்பினேன்.

கூட்டம் கலைந்ததும் ஆறுக்குட்டி கூப்பிட்டான்.

"அக்கா, வையாதீங்க. பாட்டு ஆரம்பிச்சதுமே உங்க கொரல அவிங்க காதுக்குப் போகாம அமத்தீட்டனுங்க. உங்களுக்குப் பின்னால பறிக்கறவிங்களப் பாத்துச் செய்யச் சொன்னேன்."

திரும்பினேன்.

மேட்டுக்குக் கீழே பத்துப் பதினைந்து பெண்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள். எப்போது வந்தார்களோ, நான் கவனிக்கவே இல்லை. ஒரு கை போல இன்னொரு கை இல்லை. ஒருத்தி நின்று தலைத்துணியை அவிழ்த்துக் கட்டினாள். பக்கத்துச் செடி நிரைக்காரி அவளை முந்திப் போகாமல், அவள் செடியிலும் நாலு கிள்ளுக் கிள்ளினாள்.

காதில் ஆறுக்குட்டி இன்னும் பேசிக்கொண்டிருந்தான். நாளைக்கும் அவர்கள் பின்னால் தெரிகிற மாதிரி நிற்கச் சொன்னான். கொஞ்சம் தள்ளி நின்றால் நல்லது, இன்று நான் நடுவில் நின்று மறைத்துவிட்டேனாம்.

அவனைக் கிழித்துத் தோரணம் கட்டத்தான் வாயைத் திறந்தேன்.

எந்தப் பக்கம் தள்ளி நிற்க வேண்டும் என்றுதான் கேட்டேன்.