மஞ்சள் நைட்டி

"நிரோஷா, ஒன் மஞ்ச நைட்டி எங்கன்னு தேடிப் பாத்தியா?"

அடுத்த வீட்டுக் கருப்பாயி இதைக் கேட்டபோது, நிரோஷா குவைத்திலிருந்து வந்து ஓர் இரவுதான் கழிந்திருந்தது. பெட்டியைக்கூட இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை.

"இல்லக்கா. ஏன்?"

"புள்ளக்காம்பராவுல போயி பாரு. புள்ளைங்களப் பாத்துக்கிற ஆயா விஜயகலா இருக்கே, அது போட்டுக்கிட்டு நிக்கிது. அது மட்டுமா? நீ குளிப்பியே சந்தன சோப்பு, அதே சோப்ப ஒன் வீட்டுக்காரரு மாசாமாசம் கொடகவெல டவுனுக்குப் போயி வாங்கிக்கிட்டு வந்து அதுக்குக் குடுக்குறாரு. நான் ஒன்னும் சொல்லலம்மா. கண்ணால கண்டதத்தான் சொன்னேன்."

ஒன்றும் சொல்லாமலே இவ்வளவு சொல்லக் கருப்பாயியால்தான் முடியும்.

நிரோஷாவுக்கு ஏற்கெனவே நெஞ்சு கனத்துக் கிடந்தது. தவழ்கிற வயசில் விட்டுவிட்டுப் போன மகன் கஜனுக்கு இப்போது மூன்று வயது. நேற்றுத் தூக்கப் போனபோது, "எப்பா! எப்பா!" என்று சிங்களத்தில் வேண்டாமெனச் சொல்லிவிட்டு அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். வெள்ளிக்கிழமைகளில் போனில் அவளைப் பார்த்துச் சிரித்த பிள்ளைதான். போனுக்குள் இருந்தவள் திடீரென்று வாசலில் வந்து நின்றால் பயம் வராதா?

இன்று காலையில் எழும்பியதும், "ஆயாகிட்ட போகணும்" என்று ஒரே அடம். அப்பாதான் வேலைக்குப் போகிற வழியில் கொண்டுபோய் விட்டிருந்தான்.

நிரோஷா கணவனுக்குப் போன் எடுத்தாள். சுதாகரன் இறப்பர் மலையில் மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, ஆயாவுக்கு சோப்பு வாங்கிக் குடுக்குறீங்களாமே?"

"ஆமா. புள்ள தூங்கத்தான்."

"புள்ள தூங்குறதுக்கும் அந்தம்மா சோப்பு போடுறதுக்கும் என்னாங்க சம்பந்தம்?"

"அது வந்து..." என்பதோடு சிக்னல் போய்விட்டது. மலையில் அது எப்போதும் இப்படித்தான், வேண்டிய நேரத்தில் இருக்காது.

மத்தியானம் நிரோஷா, தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்குள் நுழைந்தாள். கருப்பாயி சொன்னதில் ஓர் எழுத்துப் பிசகில்லை. விஜயகலா கட்டியிருந்த சேலைக்கு மேலேயே மஞ்சள் நைட்டியை மாட்டிக்கொண்டு தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தாள். சேலைக்கு மேல் நைட்டி! இது என்ன கோலம்?

"கழட்டுங்க ஆயா."

"அட, நிரோஷாவா? வாம்மா, ஒன்னத்தான் நெனச்சிக்கிட்டு..."

"மொதல்ல கழட்டுங்க! என் நைட்டி, என் சோப்பு, என் புள்ள, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டீங்க. இன்னும் என்னா பாக்கி? தோட்டத் தொரைகிட்டயே போறேன். இனி இங்க நீங்க வேல பாக்குறத நானும் பாக்குறேன்."

"மெதுவாப் பேசு, புள்ளைங்க தூங்குதுங்க" என்று மட்டும் சொன்னாள் விஜயகலா. நைட்டியைக் கழற்றி நீட்டினாள். நிரோஷா வெடுக்கென்று பிடுங்கினாள்.

அந்த நேரம் பார்த்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு கஜன் எழுந்து வந்தான். ஆயாவை மேலும் கீழும் பார்த்தான். உதடு பிதுங்கியது.

"அம்மா எங்க? அம்மா வேணும்!"

நிரோஷாவின் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. மண்டி போட்டுக் கையை விரித்தாள்.

"நான்தான்டா அம்மா. வாடா சாமி."

அவன் ஓடித்தான் வந்தான். ஆனால் அவளைத் தள்ளிவிட்டு, அவள் கையிலிருந்த நைட்டியைப் பிடித்து இழுத்தான்.

"அம்மாவக் குடு! ஆயா, அம்மாவப் போட்டுக்க! அம்மாவப் போட்டுக்க!"

நிரோஷா விழித்தாள். அம்மாவைப் போட்டுக்கொள்வதா? இந்தப் பிள்ளை என்ன பேசுகிறான்?

விஜயகலா கீழே உட்கார்ந்தாள்.

"நீ போனப்ப பால் குடிக்காம, தூங்காம, கத்திக்கிட்டே கெடந்தான். எனக்குப் பயமாப் போச்சு. ஒன் வீட்டுலேர்ந்து இந்த நைட்டியக் கொண்டாரச் சொல்லி, மேல போட்டுக்கிட்டுத் தூக்குனேன். மோந்து பாத்தான், அப்புடியே தூங்கிட்டான். அன்னையிலேர்ந்து ஒன் சோப்புலதான் இதத் தொவைக்கிறேன், வாசம் மாறிறக் கூடாதுன்னு."

நிரோஷா கையிலிருந்த நைட்டியைக் குனிந்து முகர்ந்தாள்.

"பேச்சு வந்தப்ப என்னைய அம்மான்னுதான் கூப்புட்டான். நான் விடல. நான் ஆயா, இதுதான் அம்மான்னு இந்தத் துணியக் காட்டிச் சொல்லிக் குடுத்தேன். நீ வர்ற வரைக்கும் அந்தப் பேரு யாருக்கும் போயிறக் கூடாதுல்ல?"

கருப்பாயி பேச்சைக் கேட்டு ஓடிவந்ததை நினைத்து நிரோஷாவுக்கு வெட்கமாக இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அழுறத அப்பறம் வச்சிக்க. கையத் தூக்கு" என்ற விஜயகலா, நைட்டியை அவள் தலைவழியாக மாட்டி இழுத்துவிட்டாள்.

கஜன் மெல்லக் கிட்ட வந்தான். மஞ்சள் துணியில் மூக்கை வைத்தான். பிறகு மடியில் ஏறினான். நிரோஷா மூச்சுக்கூட விடவில்லை. தோளில் முகம் புதைத்தவன் சட்டென்று நிமிர்ந்து அவள் முகத்தையே உற்றுப் பார்த்தான். பிறகு குழப்பத்தோடு திரும்பினான்.

"ஆயா... அம்மாவுக்குள்ள யாரு?"

விஜயகலா தொட்டில் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் பதில் சொன்னாள்.

"அம்மாதான்டா."